பட்டுக்குள் அசைந்த கை

கேரளத்தில் பாலா என்கிற ஊரில் ரப்பரைப் பற்றிப் பேசத் தெரியாத ஆள் கிடையாது. சவப்பெட்டியைத் தோளில் சுமந்து போகிறவர்கள்கூட ஷீட் விலை ஏறிச்சா இறங்கிச்சா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போவார்கள். ஆனால் அந்த ரப்பரை இழுத்தால் எவ்வளவு இழுபடும், விட்டால் எவ்வளவு திரும்பும் என்று யோசிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் அந்த ஊரில் சோசம்மா ஒருத்திதான். மலையடிவாரத்து எஞ்சினியரிங் கல்லூரி ஒன்றில் டீச்சர். கேன்டீனை ஒட்டி அவளுக்கு ஒரு சோதனை அறை உண்டு. ரப்பர், சிலிக்கோன், ஜெலட்டின் என்று தொட்டால் அமுங்குகிற சமாசாரங்கள் எல்லாம் அங்கே இருக்கும். கல்லூரியில் அதற்குப் பெயர் 'கொழகொழா ரூம்'.

கெட்டியான பொருளைச் சோதிக்கிறவனுக்கு உள்ள மரியாதை மெத்தென்ற பொருளைச் சோதிக்கிறவளுக்கு எந்த ஊரிலும் கிடையாது. இரும்புக் கம்பியை முறித்துக் காட்டினால் விஞ்ஞானி. ஜெல்லியை ஆட்டிக் காட்டினால் சமையல்காரி. பிரின்சிபல் டாக்டர் இட்டிச்செரியாவுக்கும் இதே அபிப்பிராயம்தான். அந்த அறையைக் காலி செய்து, வேலை கொடுக்க வருகிற கம்பெனிக்காரர்கள் சாய்ந்து உட்காரச் சோபா போட வேண்டும் என்பது அவருடைய கனவு. கனவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் கல்லூரியின் மேனேஜரான பாதிரியார் வர்க்கி அச்சன். அச்சன் அவசரப்படுகிற ரகமில்லை. "கல்லூரி நாள் அன்னைக்கு டீச்சர் ஏதாவது செஞ்சு காட்டட்டும். உபயோகமா இருந்தா ரூம் அவங்களுக்கு. இல்லேன்னா சோபாவுக்கு" என்று சொல்லிவிட்டார்.

சோசம்மா ஒரு கை செய்தாள். எலும்பில்லாத ரப்பர்க் கை. காற்றை ஏற்றினால் நான்கு விரல்களும் மடங்கும், இறக்கினால் நிமிரும். அந்தக் கை ஒரு பாலப்பத்தைத் தட்டிலிருந்து தூக்கி இன்னொரு தட்டில் வைக்கும். கேட்பதற்கு அற்பமாக இருக்கலாம். ஆனால் நடுவில் பஞ்சாகவும் ஓரத்தில் ஜரிகையாகவும் இருக்கிற வஸ்துவை இரும்புக் கையிடம் கொடுத்துப் பாருங்கள், தெரியும். வாரக்கணக்கில் பழகிய பிறகு அந்தக் கை அப்பத்தின் ஓரம் நொறுங்காமல் தூக்கியது.

அங்கேதான் பிரின்சிபல் உள்ளே வந்தார். கறுப்பு விரல் மேடைக்கு அழகில்லை, கல்லூரி நிறமான மெரூனில் வேண்டும் என்றார். நிறம்தானே என்று சோசம்மாவும் தலையாட்டினாள். பழைய விரல்களை அவர் அப்போதே கழற்றி வாங்கிக்கொண்டு போய், 'நமது முதல் கை' என்று பெயர்ப்பலகை எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நாலு பக்கமும் பசை போட்டு அடைத்து, வரவேற்பறையில் நிறுத்திவிட்டார். அப்புறம் மெரூன் போதாது, இன்னும் கொஞ்சம் அடர்த்தி, இல்லை கொஞ்சம் வெளிர் என்று மூன்று முறை மாற்றினார். கடைசி விரல்கள் அச்சிலிருந்து வெளியே வந்தது கல்லூரி நாள் காலையில்.

விரல்களை மாட்டிக் காற்றை ஏற்றியதும் அவை பாதி வளைந்து நின்றுவிட்டன. அப்பம் நழுவி மேஜைமேல் விழுந்தது.

"டீச்சரே, இது பிடிக்கலே. ஆசீர்வாதம் பண்ணுது" என்றான் லேப் டெக்னீஷியன் பவுலோஸ்.

சோசம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட மடச்சி! வகுப்புல வருஷா வருஷம் இதைத்தானே பாடமா நடத்துறேன்!"

விஷயம் இதுதான். உறுதிக்காகப் பொடி கலந்த ரப்பர் புதுச் செருப்பு மாதிரி. முதல் தடவை இழுக்கும்போது முரண்டு பிடிக்கும். ஒரு தரம் எவ்வளவு தூரம் இழுபட்டதோ, அடுத்த தரம் அந்தத் தூரம் வரைக்கும் இளகிக்கொடுக்கும். அதனால்தான் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எந்தப் புதுத் துண்டையும் பல முறை இழுத்து விட்டுப் பழக்கிய பிறகே அளவெடுப்பார்கள். சோசம்மா அளவெடுத்தது பழகிய விரலில். மாட்டியிருப்பதோ பிறந்து பல் துலக்காத விரல்.

"காத்தைக் கூட்டிட்டா?" என்றான் பவுலோஸ்.

"முதல்ல பிடிக்கும். பிடிச்ச பிடியிலேயே இளகி, அப்பத்தை நசுக்கிடும். அச்சன் தட்டுல அப்பமா விழாது, கஞ்சியா விழும். வேற வழியில்லே, முழுசா மடக்கி மடக்கி விரிக்கணும். அரைகுறையா மடக்கினா பிரயோஜனமில்லே. ஒரு மணி நேரம் வேணும்."

ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. என்.எஸ்.எஸ். பையன்கள் நாலு பேர், பிரின்சிபல் அனுப்பினார் என்று வந்து, கையை மேஜையோடு தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்தார்கள். திறப்புவிழா என்றால் திறப்பதற்கு ஏதாவது மூடியிருக்க வேண்டுமல்லவா? அதற்காக அதன்மேல் சிவப்புப் பட்டுத்துணி ஒன்றைப் போர்த்தி ரிப்பன் கட்டினார்கள்.

பவுலோஸ் காற்று இயந்திரத்துடன் திரைக்குப் பின்னால் பதுங்கினான். மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் சோசம்மா; உள்ளங்கையில் ஸ்விட்ச். மறுபக்கம் வர்க்கி அச்சன். விளக்கேற்றினார்கள். ஈசுவரப் பிரார்த்தனை பாடினார்கள். பிரின்சிபல் மைக்கைப் பிடித்தார்.

இட்டிச்செரியா மைக்கைப் பிடித்தால் கல்லூரியே அது சீக்கிரம் முடியவேண்டும் என்று வேண்டிக்கொள்வது வழக்கம். தன் வாழ்நாளில் முதல் தடவையாக சோசம்மா, 'புனித அல்போன்சாம்மாவே, இந்த மனுஷன் நிறுத்தாமல் பேசவேண்டும்' என்று வேண்டிக்கொண்டாள்.

"மாண்புமிகு மேனேஜர் அச்சன் அவர்களே! ரப்பர் என்பது என்ன? அது நம்ம ரத்தம்!"

சோசம்மா ஸ்விட்சை அழுத்தினாள். பட்டுத்துணிக்குள் ஏதோ ஒன்று மெல்ல மடங்கிச் சுருண்டது. விட்டாள்.

புஸ்.

பிரின்சிபல் மைக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார். "இந்தக் கல்லூரியை நான் பொறுப்பேத்தப்போ இங்க என்ன இருந்துச்சு? வெறும் பாறை! இன்னைக்கு?"

புஸ்.

முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரின்சிபலுடைய தோளுக்குப் பின்னால், அவர் வாய் திறக்கும்போதெல்லாம் துணி வீங்குவதும், நிறுத்தும்போதெல்லாம் தளர்வதும் கூட்டத்துக்குத் தெரிந்துகொண்டிருந்தது. முன்வரிசைச் சிரிப்பு மெல்லப் பின்வரிசைக்குப் போயிற்று. இட்டிச்செரியாவின் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர் இதுவரை எவருமில்லை. அவர் முகம் தேன் குடித்தது மாதிரி ஆகிவிட்டது. எழுதி வந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மனசிலிருந்து பேச ஆரம்பித்தார்.

"அந்தத் துணிக்குள்ள பூனை ஏதும் மாட்டிக்கிச்சா மோளே?" தலையைத் திருப்பாமல் கேட்டார் வர்க்கி அச்சன்.

சோசம்மா யோசித்தாள். பொய் சொல்லலாம். சொன்னால் அதற்கு இன்னொரு பொய் தேட வேண்டும். "இல்லே அச்சனே. கைதான். புதுசு, விறைப்பா இருக்கு. மடக்கி விரிச்சாதான் வசத்துக்கு வரும். இப்ப நிறுத்தினா அப்பத்தைக் கீழ போட்டுடும்."

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"பிரின்சிபல் சார் இன்னும் கொஞ்சம் பேசினா நல்லது."

அச்சனுடைய தாடி லேசாக ஆடியது. கோபமா சிரிப்பா என்று அவளுக்குப் புரியவில்லை. அதற்குள் பிரின்சிபலின் குரல் முடிவுரைக்கே உரிய ராகத்துக்கு ஏறிவிட்டது. "ஆகவே, அன்பர்களே, இத்துடன் என் சிற்றுரையை..."

சோசம்மா பட்டுத்துணியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி விரல்களைப் பார்த்தாள். முக்கால்வாசிதான் மடங்கின. போச்சு, சோபாதான் என்று நினைத்தாள்.

"இட்டிச் சாரே!" அச்சன் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "ஜெர்மனிக்குப் போன கதையைச் சொல்லலியே. பிள்ளைங்க ஆசையா இருக்காங்க."

பிள்ளைகள் யாரும் ஆசையாக இல்லை. ஆனால் பேச்சு நீண்டால் துணிக்குள் நடக்கும் கூத்தும் நீளும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. "ஜெர்மனி! ஜெர்மனி!" என்று பின்வரிசை கத்தியது. எந்தக் காலத்திலோ ஒரு கருத்தரங்குக்காக மூன்று நாள் அங்கே போய்வந்தவர் பிரின்சிபல். அந்த மூன்று நாளைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு வாரம் போதாது. விமானத்தில் ஏறினார். புஸ். பனியைப் பார்த்தார். புஸ். அங்குள்ள பெரிய பேராசிரியர் ஒருவர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்கள்தானா அது?" என்று கேட்டார். புஸ். திரைக்குப் பின்னால் பவுலோஸ் வாயில் கர்சீப்பை அடைத்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான்.

இந்தியாவுக்கு அவர் திரும்பி வருவதற்குள் விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. மறுபடி, மறுபடி, அதே இடம். இனி இளகுவதற்கு மிச்சமில்லை. சோசம்மா அச்சனைப் பார்த்துத் தலையசைத்தாள். அச்சன் கைதட்டினார். மேனேஜர் தட்டினால் மண்டபம் தட்டாதா? அந்தக் கைதட்டலில் பிரின்சிபல் அமிழ்ந்து உட்கார்ந்தார்.

ரிப்பன் வெட்டினார்கள். பட்டு விலகியது. கேன்டீன் மேரிக்குட்டி சேச்சி அப்போதுதான் சுட்டு அனுப்பிய பாலப்பம் ஆவி பறக்கத் தட்டுக்கு வந்தது. மெரூன் விரல்கள் இறங்கின, அப்பத்துக்கு அடியில் நுழைந்து ஒரு கணம் யோசித்தாற்போல் நின்று மெல்லத் தூக்கின. ஜரிகையோரம் காற்றில் நடுங்கியது. அச்சன் முன்னாலிருந்த தட்டில் அப்பம் குழந்தையைத் தொட்டிலில் விட்டது மாதிரி இறங்கியது. ஓரத்தில் நகம் அளவு ஒரு துணுக்கு மட்டும் உடைந்திருந்தது.

அச்சன் அந்தத் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பக்கவாதம் வந்த ஆளுக்கு ஊட்டிவிட இது உதவுமா?"

"அதுக்குத்தான் அச்சனே செய்யணும்னு இருக்கேன்."

"அப்ப ரூம்ல இருந்தே செய்யி. சோபா எங்க போடறதுன்னு பிரின்சிபல் சாரும் நானும் பேசிக்கறோம். அவர் ரூம்ல நிறைய இடம் இருக்கு." அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள வந்திருந்த ஸ்டூ கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

விழா கலைந்ததும் இட்டிச்செரியா நேராக சோசம்மாவிடம் வந்தார். சோபாவைப் பற்றி யாரும் அவருக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. "எப்படி இருந்துச்சு டீச்சர், பேச்சு? கூட்டம் அப்படியே என் கைக்குள்ள இருந்துச்சு, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சாரே. நீங்க பேசலைன்னா இன்னைக்கு அந்த அப்பம் மேல எழும்பியிருக்காது."

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் அவள் கலப்படமில்லாமல் சொன்ன பாராட்டு இது ஒன்றுதான். அவரும் மற்ற எல்லாப் பாராட்டையும் போலவே இதையும் உரிமையோடு வாங்கிக்கொண்டு, போட்டோ எடுக்கிறவனைத் தேடிப் போனார்.

சோசம்மா கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தன் அறைக்கு நடந்தாள். பவுலோஸ் முன்னாலேயே போய்க் கேன்டீனில் இரண்டு பேருக்கும் அப்பம் சொல்லி வைத்திருந்தான்.