ஒட்டாத வரை புது இனம்

மூன்று எலும்புத் துண்டுகள்: கீழ்க்கால் எலும்பில் அடிப்பாதி, ஒரு கணுக்கால், அரிவாளாக வளைந்த ஒரு நகம். இதை வைத்துக்கொண்டுதான், இறகு முளைத்து ஓடிய புத்தம் புது டைனோசர் என்று அடித்துச் சொன்னாள், அருங்காட்சியகத்தில் எலும்பு ஆராய்ச்சி செய்கிறவள். இதைவிடக் குறைவான எலும்பை வைத்துப் பெயர் வாங்கியவர்கள் அந்தத் துறையில் உண்டு. அவர்களுக்குச் சிலை வைக்காததுதான் பாக்கி.

புது இனத்துக்கு அம்மாவின் பெயரை வைப்பதாக வீட்டில் சொல்லியிருந்தாள்.

"போயும் போயும் ஒரு பல்லிக்கா என் பேரு?" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். சுளித்த கையோடு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

இன்னும் ஒரே வேலைதான். ஏற்கெனவே பெயர் வைத்தவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அவள் துண்டுகள் கிடைத்த அதே குன்றில் முன்பே கிடைத்த எலும்புக்கூடு ஒன்று அருங்காட்சியக இயக்குநருடையது. இளவயதில் தோண்டியெடுத்து, முதலை வகையறா என்று பெயர் சூட்டி, கீழ்க்காலில் இல்லாத மிச்சத்தைப் பிளாஸ்டரில் பிடித்து, கூடத்து நடுவில் கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்தார்.

"என்னோடது முதலைம்மா, உன்னோடது பறவை மாதிரி. எதுக்கு ஒப்பிட்டுக்கிட்டு?" என்றார்.

"விதின்னு ஒண்ணு இருக்கே சார்."

வேண்டாவெறுப்பாகக் கண்ணாடியைத் திறந்துவிட்டார். அவள் பிளாஸ்டர் காலைக் கழற்றி, உடைந்த முனையில் தன் துண்டை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. விரிசல்கூட விரிசலோடு போய்ச் சேர்ந்துகொண்டது. ஒரே காலின் இரண்டு பாதி.

ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் கிடையாது. முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்; அம்மாவின் பெயர் அம்போ. முதலைக்கோ பறவைக் கால் முளைத்துவிட்டது. எட்டிப் பார்த்த இயக்குநருக்கு வேர்த்துக் கொட்டியது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"எடுத்துடும்மா." குரலில் தேன் ஒழுகியது. "உனக்குப் புது இனம், எனக்கு என் முதலை. நீயும் பாக்கல, நானும் பாக்கல. பாவம், அம்மா வேற ஆசையா இருப்பாங்க..."

இத்தனை வருஷத்தில் அம்மாவைப் பற்றி அவர் அக்கறைப்பட்டது அன்றுதான். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வெட்கங்கெட்ட ஆசை. தெருவுக்கு அம்மா என்ன பதில் சொல்வாள்?

துண்டை எடுத்தாள். இயக்குநர் பெருமூச்சு விட்டார்.

அவள் பசைக் குப்பியைத் திறந்து உடைந்த முனையில் தடவி, துண்டை மறுபடி பொருத்தி, அவர் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தாள்.

"காயற வரைக்கும் அசையாம பிடிச்சுக்குங்க சார். நான் போய் அம்மாவுக்கு போன் பண்ணிட்டு வந்துடறேன்."