இடமிருந்து இரண்டாவது முகம்

1

மார்ச் 3, செவ்வாய். இன்று காலை ஒரு சின்னத் தவறு. கடுதாசி அக்காவுக்குத் தவறான முகம் வைத்துவிட்டேன். நாளை வரை திருத்த முடியாது. நேரம் 8.41.

என் டைரியில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். இந்தக் கதை இந்த வரிகளிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை, "டைரியில இருந்து ஒரு வரியை எடுத்துக் கதையாக்குங்க. டைரி உண்மை சொல்லணும், கதை உண்மை மாதிரி இருக்கணும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். நான் குழப்பிக்கொண்டேன். அதனால்தான் எண் போட்டு எழுதுகிறேன். எண் போட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

(அ) 'அந்த அலுவலகத்தில் யாரும் சிரித்ததே இல்லை. ஆனால் திரையில் எல்லோரும்' வேண்டாம். நாங்கள் நிறையவே சிரிப்போம். எங்களோடு வேலை செய்யும் பழுது அண்ணன் இருக்கும் அறையில் சிரிக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

(ஆ) 'தொழில்நுட்பம் மனிதனை' இந்த வாக்கியத்தை முடிக்கும் தகுதி எனக்கில்லை. [முடித்தவர்களுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.]

(இ) 'அவள் வேண்டுமென்றேதான் அந்த முகத்தைத் தொட்டாள்.' அவள் என்பது நான். நல்ல தொடக்கம். வகுப்பில் கைதட்டல்கூடக் கிடைத்திருக்கும். ஆனால் பொய். இரண்டு நாள் இதோடு வாழ்ந்து பார்த்தேன். எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போக ஆரம்பித்ததும் அடித்துவிட்டேன்.

3

முகம் வைப்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில், புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் ஆறு பேர் இருக்கிறோம். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே இருபது நிமிடம் மாட்டிக்கொண்டவர் எழுதுவார், நாங்கள் வருந்துவோம். நான்கு மாதங்களுக்கு முன்புவரை நாங்களே வருந்தினோம். இப்போது ஒரு மென்பொருள் வருந்துகிறது. நாங்கள் அதைச் சரிபார்த்து அனுப்புகிறோம். மணிக்கு இருபது.

அதோடு இன்னொன்றும் வந்தது. காலையில் கணினியைத் திறந்ததும் ஐந்து முகங்கள் தோன்றும், சிரிப்பிலிருந்து அழுகை வரை. 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' ஒன்றைத் தொட்டால்தான் உள்ளே விடும். முதல் வாரமே ஒருவர் நடு முகத்தை உண்மையாகவே தொட்டுவிட்டார். பிரிவு முழுவதும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, மனதை லேசாக்கப் பலூன் ஊதினோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. முதலில் வருபவர் ஆறு பேருக்கும் முகம் வைத்துவிட வேண்டும். கடவுச்சொற்கள் ஒரு துண்டுச்சீட்டில், பழுது அண்ணனின் ஸ்டேப்ளருக்கு அடியில். எப்போதும் இடமிருந்து இரண்டாவது முகம்.*

* முதல் முகம் பல் தெரியச் சிரிக்கும். "அதை வச்சா யாரும் நம்ப மாட்டாங்க. ரெண்டாவதுன்னா, ஏதோ சமாளிக்குதுங்கன்னு விட்டுருவாங்க" என்பது பழுது அண்ணன் கணிப்பு. பழுது பற்றிய புகார்கள் எல்லாம் அவர் மேசைக்கு வருவதால் அந்தப் பெயர்.

பெரும்பாலும் முதலில் வருவது நான். "முகம் வச்சாச்சாம்மா?" "வச்சாச்சுண்ணே." எங்கள் காலை வணக்கம் அதுதான்.

மார்ச் 3 அன்று, யாரிடமும் சொல்லாமல் திரையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அழுகை இடது ஓரத்துக்கு வந்திருந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. இடத்தை எண்ணினேன். சீட்டில் முதலில் இருப்பது அக்கா. தொட்ட பிறகுதான் பார்த்தேன்: வாயின் இரண்டு முனையும் கீழே தொங்கும் முகம். மற்ற ஐந்து பேருக்கும் பார்த்துப் பார்த்துச் சரியாக வைத்தேன்.

4

இப்போது அக்கா. இந்தப் பாத்திரத்தை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம்.

மென்பொருள் எழுதும் ஒவ்வொரு பதிலையும் அவர் தாளில் அச்செடுப்பார். பென்சிலால் திருத்துவார். பிறகு முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்வார். அதனால் கடுதாசி அக்கா. [திரையிலேயே திருத்தலாம். அதற்கான பயிற்சி நடந்த இரண்டு நாளும் அவர் தன் அம்மாவோடு மருத்துவமனையில் இருந்தார். பிறகு கேட்க வெட்கம். பதினைந்து வருடம் எங்கள் எல்லோருடைய கடிதங்களையும் திருத்தியவர் யாரிடம் போய்க் கேட்பார்?]

மதியம் எங்களோடு சாப்பிட வருவதை நிறுத்தினார். "பசியில்ல, நீங்க போங்க." அவரது குப்பைக்கூடை தாளால் நிரம்பி வழிந்தது. நான் எல்லாவற்றையும் கவனித்துக் குறித்து வைப்பவள். ஜனவரி 20: 'அக்கா இன்றும் சாப்பிட வரவில்லை.' ஜனவரி 27: 'அக்கா இன்றும்.' குறித்துவிட்டு, மறுநாள் காலை அவருக்கு இரண்டாவது முகம் வைத்தேன். நாற்பது நாளுக்கும் மேல் நான் அவருக்கு

சரி. அடுத்தது.

5

பத்து மணிக்கு நான்காம் மாடியிலிருந்து, முகங்களைக் கண்காணிக்கும் ஊழியர் நலப்பிரிவிலிருந்து, தொலைபேசி. அக்காவை மேலே வரச் சொன்னார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே, தப்பாயிடுச்சு. அக்காவுக்குத் தொங்குற வாய் வச்சுட்டேன்."

பழுது அண்ணன் ஸ்டேப்ளரை நகர்த்திச் சீட்டை எடுத்தார். "அடிப்பாவி. எனக்கு வச்சிருக்கக் கூடாதா? ஒரு மணி நேரம் ஏசியில உக்காந்துட்டு வந்திருப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேகம் பத்தலன்னு ஏற்கெனவே அவங்க பேருதான் லிஸ்ட்ல கடைசி. இப்ப இது வேற."

"வேலைய விட்டு எடுத்துருவாங்களா?"

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

படியேறினேன். [எங்கள் லிஃப்டில் நாங்கள் ஏறுவதில்லை. அவ்வளவு புகார் படித்திருக்கிறோம்.] கதவைத் தட்டி உள்ளே போனேன். நலப்பிரிவு அதிகாரி என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். எதிரே அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் ஒரு தாள்.

"மேடம், அந்த முகம் அக்கா வைக்கல. நான்தான் தெரியாம வச்சுட்டேன். அவங்க நல்லாத்தான் இருக்காங்க."

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இல்ல மேடம். அது என் முகந்தான். நீ போய் வேலையைப் பாரும்மா."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு மாசமா உங்க ஆறு பேருக்கும் ஒரே நிமிஷத்துல சந்தோஷம் வருது. எட்டு நாப்பத்தொண்ணு. நானும் பாத்துட்டுதான் இருக்கேன்."

"அப்ப ஏன் மேடம் கேக்கல?" இது அக்கா.

"கேட்டா நல்லாருக்கோம்னுதான் சொல்வீங்க." கொஞ்சம் தயங்கினார். "எனக்கும் காலையில அஞ்சு முகம் வருது. நான் மட்டும் என்ன, ரெண்டாவதைத்தான் வைக்கிறேன்."

அக்கா சிரித்துவிட்டார். எத்தனையோ நாள் கழித்து.

மேசைமேல் இருந்தது ராஜினாமாக் கடிதம். மூன்று வாரமாகக் கைப்பையில் இருந்ததாம். 'விலக விரும்புகிறேன்' என்பதைப் பென்சிலால் அடித்து 'விலகுகிறேன்' என்று போட்டு, அதையும் அடித்து மறுபடி 'விரும்புகிறேன்' என்று போட்டிருந்தார். கீழே ஒரு கேள்விக்குறி.

அதிகாரி அதை எடுத்து அவரிடமே நீட்டினார். "இன்னும் திருத்தி முடிக்கல போலிருக்கே. முடிச்சா கொண்டாங்க. அதுவரைக்கும் ஆறு வாரம், தினம் காலையில ஒரு மணி நேரம் பயிற்சி. அந்த ஆறு வாரமும் இருபது கணக்கு உங்களுக்குக் கிடையாது. எழுதியே தர்றேன்."

இறங்கும்போது மூன்றாம் மாடியில் அக்கா நின்றார். "முட்டி வலிக்குது," என்றார். உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். "நாலு மாசமா ஒருத்தராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சும்மா. கடைசியில உன் கைதவறிக் கேட்டிருக்கு."

6

அக்கா மறுநாளே எங்களோடு சாப்பிட வந்தார். "நேத்து ஏழு மணி நேரம் தூங்கினேன்," என்று அறிவித்தார். "அதையும் மணிக்கு எத்தனைன்னு கணக்கு வச்சிருக்கீங்களா?" என்றார் பழுது அண்ணன்.

இன்று மதியம் இதுவரை எழுதியதை அவரிடம் கொடுத்தேன். அச்செடுத்துத்தான். அனுமதி கேட்பதுதான் எண்ணம். அவர் பென்சிலை எடுத்துவிட்டார். நான்காம் பகுதியின் ஓரத்தில்: 'நான் இவ்வளவு பாவம் இல்லை.' ஐந்தில் நான் கண்ணீரைத் துடைத்தார் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு, 'கண்ணாடியை.' நான் முடிக்காமல் விட்ட வாக்கியத்தின் எதிரே எதுவும் எழுதவில்லை. அதன் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்திருந்தார். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போலிருந்தது.

7

முடிவுகள்.

ஒன்று: மென்பொருளை எடுத்துவிடுகிறார்கள், எல்லோருக்கும் மகிழ்ச்சி. நடக்காது. தவிர, சில நாள் அது என்னைவிட நன்றாகவே வருந்துகிறது.

இரண்டு: ஆறு வாரம் கழித்தும் அக்காவுக்கு வேகம் வரவில்லை, கடிதத்தைத் திருத்தி முடித்துக் கொடுத்துவிடுகிறார். நடக்கலாம். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஆனால் நேற்று ஒரு பதிலைத் திரையிலேயே திருத்தி அனுப்பினார், பென்சிலைக் காதில் செருகியபடி. ஆகவே இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது இன்னும் நடக்கவில்லை. இந்தக் குழப்பத்துக்குப் பிறகு நலப்பிரிவு ஒரு வாரமாக மூடி வைத்திருந்த அந்த ஐந்து முகத் திரை நாளை திறக்கிறது. கடவுச்சொல்லை எல்லோரும் மாற்றியாயிற்று. துண்டுச்சீட்டை அண்ணன் ஆறாகக் கிழித்தார். இனி அவரவர் முகம் அவரவர் பொறுப்பு. "நீ எது வைக்கப் போற?" என்று அக்கா கேட்டார். நாலு மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நானும் என்னைக் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது எதுவென்று இங்கே எழுதப் போவதில்லை. இவ்வளவு தூரம் என்னோடு வந்த நீங்களே ஒன்றை வையுங்கள்.

மார்ச் 12, வியாழன். நாளை: எட்டரைக்குள் போக வேண்டும். எண்ணாமல், பார்த்துத் தொட வேண்டும். என்னுடையதை மட்டும்.