ஆறு டேப், ஒரு டிவிடி

நம்பீரா அத்தை என் கடைக்குள் வந்ததும் உட்காரக்கூட இல்லை. கைப்பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்து மேசைமேல் டொக்கென்று வைத்தாள். நடேத்தே சந்தையில் தக்காளிக் கடைக்குப் பக்கத்தில் விற்கிற சரக்கு. உறைமேல் தபால்தலை அளவில் இருபது படங்கள், எல்லாவற்றிலும் ஒருத்தன் துப்பாக்கியோடு நின்றான்.

"இதுல எத்தனை சினிமா இருக்குன்னு எண்ணிப் பாரு, நசூனா."

"இருபது, அத்தை."

"இருபது! முழுசா இருபது! எங்க நகயிசாவோட கல்யாண விசேஷம் வெறும் ஆறு மணி நேரம். அதை ஒரே டிவிடியில போட முடியாதுன்னு உன் காமெராக்காரன் கிகோங்கோகிட்ட சொன்னியாமே? உனக்குத் தொழில் தெரியலையா, இல்ல எங்களைப் பார்த்தா இளிச்சவாய் மாதிரி இருக்கா?"

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். ஆனால் நம்பீரா அத்தையிடம் கோபப்பட்டு ஜெயித்த ஆள் கம்பாலாவிலேயே கிடையாது. அவளுக்குப் பின்னால் அவளுடைய தம்பி மனைவி, மணப்பெண்ணின் அம்மா, கதவோரமாக நின்றிருந்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் அவள் நாலோங்கோ. அத்தை பேசும்போது அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்காது.

அத்தைக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன். ஒரு டிவிடியில் ஒரு மணி நேரம் போட்டால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரம் போட்டாலும் குறை தெரியாது. ஆறு மணி நேரத்தைத் திணித்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? படத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருடும். அசையாமல் இருக்கிற சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, அசைகிற முகத்தில் கைவைக்கும். கண், மூக்கு எல்லாம் சதுரம் சதுரமாகப் போகும். சந்தை டிவிடியில் துப்பாக்கிக்காரன் முகம் எப்படி இருந்தால் நமக்கென்ன? சொந்தப் பெண்ணின் முகம் அப்படி இருக்கலாமா?

"அமுக்கிப் போடு. மக்காச்சோள மூட்டையை முழங்காலால அமுக்கினா இன்னும் பத்து கிலோ உள்ள போகும்."

"அமுக்கினா சோளம் மாவா ஆயிடும், அத்தை. அப்ப ஒண்ணு செய்யலாம். ரெண்டு வீட்டுப் பேச்சாளருங்களும் மாத்தி மாத்திக் கிண்டலடிக்கிற ரெண்டு மணி நேரத்துல பாதியை வெட்டிடறேன்."

"வெட்டுவியா? அந்தப் பேச்சாளருக்கு நான்தான் நடுவுல பதில் குடுத்தேன். ஊரே சிரிச்சுது."

"மாப்பிள்ளை வீட்டுச் சீர்க் கூடைங்க? நூத்தி இருபது கூடையும் வரிசையா தலைமேல வருது. நாப்பது நிமிஷம்."

"யாரு கூடையை வெட்டுவே? பேரைச் சொல்லு, அவங்களையே கூட்டிட்டு வரேன்."

"சரி, உங்க ஆட்டம்? ஜிகினா வச்ச கோமேசி அங்கியில பத்து நிமிஷம் ஆடிருக்கீங்க. ஒரு பேச்சாளர் ஒரு மணி நேரம் உக்காந்து பேசறதுக்கு ஆகிற இடத்தை அந்தப் பத்து நிமிஷ மினுமினுப்பே தின்னுடுது."

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அப்படியே மென்று விழுங்கினேன்.

"ரெண்டு டிவிடியா போட்டுத் தரேனே," என்றேன் கடைசியாக.

அப்போதுதான் அத்தை உட்கார்ந்தாள். மூத்த அண்ணன் மகளின் விழாவை இரண்டு டிவிடியில் போட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியது முதல் டிவிடியில், பெண் முட்டிபோட்டு 'இவர்களை எனக்குத் தெரியும்' என்று சம்மதம் சொன்னது இரண்டாவதில். யாரோ இரவல் வாங்கிய இரண்டாவது டிவிடி திரும்பவே இல்லை. முதல் டிவிடி மட்டும் மசாக்கா வரை வீடு வீடாகச் சுற்றியிருக்கிறது.

"இன்னிக்கு வரைக்கும் மசாக்காவுல அந்தப் பொண்ணு மாட்டேன்னு சொல்லிட்டான்னுதான் நினைச்சுக்கிட்டிருக்காங்க! மூணு பிள்ளை பெத்துட்டா! போன மாசம்கூட ஒருத்தி அவளுக்கு வேற வரன் கொண்டுவந்தா. இனிமே எங்க குடும்பத்துக்கு ஒரே டிவிடிதான்."

சரி என்றேன். அத்தை வெற்றியோடு வெளியே போனதும் நாலோங்கோ மட்டும் ஒரு நிமிடம் நின்றாள்.

"நசூனா, என் பொண்ணு பதில் சொல்ற இடம் மட்டும் தெளிவா இருக்கட்டும்மா. மாப்பிள்ளை பந்தல்ல இருந்தாரு. நான் சமையல் கொட்டகையை விட்டு வெளிய வரல. குரல்தான் கேட்டுச்சு. ரொம்ப நேரம் பேசாம இருந்தா. ஏன்னு தெரியல. கேக்கறதுக்குள்ள பிளேன் ஏறிட்டா."

எங்கள் பக்கத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவர் கண்ணில் ஒருவர் படக்கூடாது, கிட்டே வரக்கூடாது. ஒருவர் துணி ஒருவர்மேல் பட்டால்கூடக் கை நடுக்கம் வரும் என்பார்கள். பெற்று வளர்த்த மகளின் விழாவைப் பெற்றவள் மட்டும் பார்க்காமல் இருப்பதும், அவள் டிவிடிக்காகக் காத்திருப்பதும் புதிதில்லை. ஆனாலும் அவள் கேட்டது மனதில் தைத்தது. மகள் நகயிசாவும் மாப்பிள்ளையும் நார்வேக்குப் போய் ஒருநாள்தான் ஆகியிருந்தது. இனி எப்போது வருவார்களோ.

ஆறு டேப்பையும் ஒரே டிவிடியில் திணித்தேன். கம்ப்யூட்டர் ஒன்றரை நாள் முனகியது. நடுவில் இரண்டு முறை மின்சாரம் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வியாழக்கிழமை மதியம் டிவிடியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலோங்கோ முன்வரிசைப் பாயில் சாய்ந்து உட்காராமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை. கூடைகள் வந்தபோது மெல்ல முணுமுணுப்பு கிளம்பியது.

"அது அன்னாசியா, கோழியா?"

"கோழிதான். தலை இருக்கு பாரு."

"அது என் பெரியப்பா."

என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். அழகாக இருக்கட்டும் என்று, ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சி மெல்லத் தெரிகிற மாதிரி பல இடங்களில் வைத்திருந்தேன். ஓரிடத்தில் சமையல் கொட்டகையில் நாலோங்கோ வாழையிலையை மடித்துக்கொண்டிருப்பாள். அது கரைந்ததும் மாப்பிள்ளை எழுந்து நிற்பார். நல்ல டிவிடியில் அது ஒரு நொடி. இங்கே அமுக்கிய அமுக்கில் நாலோங்கோவின் கன்னமும் தலைத்துணியும் சதுரங்களாக உடைந்து, போக மனமில்லாமல் மாப்பிள்ளையின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டன. மாமியாரின் கண்ணோடு மருமகன் சிரித்தார். அப்படியே நடந்தும் போனார்.

கூடம் அலறியது. நம்பீரா அத்தை எழுந்து டிவிக்கு முன்னால் கோமேசியை விரித்து மறைத்தாள். நாலோங்கோ முகத்தைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

"ஐயோ, கை நடுங்குதா பாருங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

"நடுங்காம? நீ போடற சத்தத்துல எனக்கே நடுங்குது," என்றார் ஒரு கிழவர்.

அதற்குப் பிறகு நாலோங்கோவை யாரும் கூடத்துக்குள் விடவில்லை. அடுத்து மாப்பிள்ளை எங்கே எப்படி ஒட்டிக்கொண்டு வருவாரோ என்று பயம். மகள் பதில் சொல்லும் இடம் வந்தபோது அவள் மறுபடியும் அடுக்களையில் இருந்தாள், குரலை மட்டும் கேட்டபடி. நான் திரையைப் பார்த்தேன். நகயிசாவின் முகத்தில் கண் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பாக இரண்டு கட்டங்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை நாலோங்கோ தனியாகக் கடைக்கு வந்தாள். தலைத்துணியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"அந்த ஒரு இடத்தை மட்டும் உன் கம்ப்யூட்டர்ல காட்டும்மா. மாப்பிள்ளை வந்தா சொல்லு, கண்ணை மூடிக்கறேன்."

என் கம்ப்யூட்டரில் ஒரு விழாவுக்குத்தான் இடம். இன்றைய விழாவுக்காக நேற்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். டேப்புகளை என் சித்தப்பா மகன் கிகோங்கோ இன்றைக்குப் படம் பிடிக்க எடுத்துப் போய்விட்டான். பழசின்மேல் புதுசை எடுப்பதுதான் எங்கள் வழக்கம். புது டேப் வாங்கிக் கட்டுப்படியாகாது. போன் போட்டேன்.

"கிகோங்கோ, அஞ்சாம் நம்பர் டேப் எங்கடா?"

"காமெராவுக்குள்ள சுத்திக்கிட்டிருக்கு, அக்கா. ஏன்?"

"ஆறு டேப் இருக்கச்சே முதல்ல அஞ்சாம் நம்பரையா எடுப்பே? நிறுத்துடா!"

"என்னக்கா விளையாடறியா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இப்பதான் உள்ள வராங்க!"

"எத்தனை நிமிஷம் ஓடிருக்கு?"

"பன்னெண்டு... பதிமூணு."

நகயிசா பதில் சொன்னது முப்பத்தோராவது நிமிடத்தில். "மேல ஒரு நிமிஷம் ஓடுச்சு, உன் கையை முறிச்சுடுவேன். வெளிய எடு!" என்று கத்திவிட்டு, தெருவில் போன மோட்டார் சைக்கிள்காரனை நிறுத்தினேன். நாலோங்கோ பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள், நான் நடுவில். விழா நடந்த புசேகா வரை அவள் என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். எடை தாங்காமல் வண்டிக்காரன் மேடு வந்தபோதெல்லாம் எங்கள் இருவரையும் திட்டினான்.

கிகோங்கோ பந்தலுக்கு வெளியே வந்து டேப்பை என் கையில் திணித்தான். "இவங்க உள்ள வந்ததுல நாலு நிமிஷம் போச்சு. கேட்டா நீயே பதில் சொல்லு."

"அந்த இடத்துல போட்டோவைப் போட்டுப் பாட்டைச் சேத்துக்கறேன். போடா."

திரும்பி வந்து டேப்பைப் போட்டுப் பார்த்தால், அழிந்துபோன பதிமூன்று நிமிடத்தில் நம்பீரா அத்தையின் ஆட்டம் முழுசாகப் போயிருந்தது. அது இனிமேல் உலகத்தில் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். அந்தப் பஞ்சாயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முப்பதாவது நிமிடத்துக்கு ஓட்டினேன். சுருக்காத படம். பாயின் பின்னல்கூடத் தெரிந்தது. மாப்பிள்ளை படத்துக்குள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, "கண்ணைத் திறங்க, நாலோங்கோ," என்றேன்.

நகயிசா முட்டிபோட்டிருந்தாள். "இந்த விருந்தாளிகளை உனக்குத் தெரியுமாம்மா?" என்று பேச்சாளர் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. பேச்சாளர் மறுபடி கேட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், அத்தை குனிந்து அவள் தோளைத் தட்டினாள். நகயிசா தலையைத் தூக்கினாள். மாப்பிள்ளை பக்கம் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. பந்தலைத் தாண்டி, ஆட்களைத் தாண்டி, புகை வந்துகொண்டிருந்த பக்கம் பார்த்தாள். கண்கள் அங்கே எதையோ தேடின. தேடியது கிடைக்காமல் ஒருமுறை எச்சில் விழுங்கினாள். பிறகு, "தெரியும். நான்தான் வரச் சொன்னேன்," என்றாள்.

நான் படத்தை நிறுத்தினேன்.

"கொட்டகைக்குப் பின்பக்கம் பந்தலைப் பார்த்தாப்பல ஒரு ஜன்னல் இருக்கு," என்றாள் நாலோங்கோ. "நின்னிருந்தா அவ என்னைப் பார்த்திருப்பா. மாப்பிள்ளை கண்ணுல பட்டுடுவோமோன்னு நான் நிக்கல."

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை மட்டும் ஒரு டிவிடியில போட்டுக் குடும்மா."

"இது ரெண்டே நிமிஷம், நாலோங்கோ. டிவிடி முழுக்கக் காலியா கிடக்கும். வேற ஏதாச்சும் சேர்க்கட்டுமா? கேக் வெட்டினது, கூடை..."

"வேணாம். காலியா கிடக்கட்டும்."

அவள் சொன்னபடியே டிவிடியில் போட்டுக் கொடுத்தேன்.