தனுஷிகாவுக்குக் கீழ்மலை

1

இந்தக் கதை எனக்கு இலங்கை மலையகத்தில், வட்டவளையில் கிடைத்தது. பஸ் பழுதாகி நின்ற ஒரு மணி நேரத்தில், பக்கத்து சீட்டுப் பெண் நான் கேட்காமலே கொஞ்சம் சொன்னாள். மிச்சத்தை நானே இட்டுக்கட்டினேன். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. எழுதுகிறவன் பிழைப்பே அதுதான்.

முதல் வரி: பனி மூடிய தேயிலை மலையில் ஒரு பெண்

(வேண்டாம். பனி இல்லாத நாளிலும் அங்கே பெண்கள் இருக்கிறார்கள்.)

2

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற தனுஷிகாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளையில்லை. கணவன் ஜீவராஜ் அதே தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிறவன். டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு, குறையொன்றும் தெரியவில்லை, ஃபோலிக் மாத்திரையை விடாமல் போடுங்கள் என்றார். பிறகு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"அடுத்த முறை அவரையும் கூட்டிட்டு வாங்க. அவருக்கும் டெஸ்ட் செய்யணும்."

"எனக்கென்னா கொறச்சல்?" என்றான் ஜீவராஜ். அதோடு பேச்சு முடிந்தது.

(இவனைக் கெட்டவனாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. காலையில் அவளுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கிறவன் அவன். பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.)

3

ஒரு மாதம் பன்னிரண்டு நாள் தள்ளிப் போனது. அவள் மனதில் நம்பிக்கை ஒரு

(இது இப்படியே கிடக்கட்டும்.)

கிளினிக்கில் காட்டிவிட்டுச் சொல்லியிருக்கலாம். மேட்டில் ஏறப் பயந்து, வேலை பிரிக்கிற கங்காணி மாயாண்டியின் காதில் மட்டும் போட்டாள். மறுநாள் காலைப் பெரட்டில், யார் எந்த மலைக்கு என்று பேர் சொல்லிப் பிரிக்கும்போது, அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "தனுஷிகாவுக்குக் கீழ்மலை. புள்ளத்தாச்சி, பாத்துக்கங்க."

லயத்து வீடுகள் முழுக்கத் தெரிய வேறென்ன வேண்டும்? "பாத்தியா, டெஸ்டாம் டெஸ்ட்" என்று ஜீவராஜ் அந்தத் துண்டைக் கிழித்து அடுப்பில் போட்டான்.

நான்காம் நாள், கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விலக்கு வந்துவிட்டது. நாள்தான் தள்ளிப்போயிருந்தது, கரு தங்கவேயில்லை.

4

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து நிரையிலிருந்து ராக்காயி உப்புப் போட்ட மாங்காயை நீட்டினாள்.

"எப்பவாம்டி?"

"ஐப்பசியிலக்கா."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மாங்காயைத் தின்றாள். அத்தனை பேர் சூழ நின்றும், அந்தத் தோட்டத்தில் அவளைப் போலத் தனியாள் வேறு யாருமில்லை. எழுதுகிற எனக்கே தாங்கவில்லை.

5

முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள், அவன் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். (சுகாதாரப் பிரசுரம் மாதிரி இருக்கிறது. நடந்தால் நல்லதுதான்.)

முடிவு ஆ: கால் வழுக்கிக் கலைந்துவிட்டது என்கிறாள். லயமே அழும். ஆனால் 'ஒருதடவ தங்குச்சுல்ல' என்று சொல்லியே அவன் ஆயுசுக்கும் டெஸ்டுக்குப் போகமாட்டான். அவளும் கேட்க முடியாது.

அவள் இரண்டாவதைத்தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

அன்று பின்னேரம் ஜீவராஜ் வேலை முடிந்து வந்து, தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் கைக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டான். பிறகும் முகர்ந்து பார்த்து மூன்றாவது தடவை போட்டான்.

"மருந்து வாட புள்ளைக்கு ஆகாதுல்ல" என்றான்.

"இங்க பாருங்க" என்றாள் தனுஷிகா.

ஈரக்கையோடு திரும்பினான்.

அடுத்த வரியை நாலு தடவை எழுதி அடித்துவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. உங்களுக்கு இருந்தால், அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.