மெரின் இரண்டு நாளும் சொன்னது

டாரில் ஹாக்கெட் செய்தது துரோகம். அவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது என்று பவுலிங் கிளப்பில் இன்னும் நாலு பேர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேசட்டும். தென் ஆஸ்திரேலியாவின் இந்த வையாலா ஊரில் எவன் எதைச் செய்தாலும் அதற்கு வக்காலத்து வாங்க நாலு பேர் கிடைப்பார்கள். நான் அந்த நாலு பேரில் ஒருத்தன் இல்லை.

மெரின் பாஸ்கோ இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவள். கூரைக்குக் கீழே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கொதிக்கிற இரும்புத் தொட்டியைக் கொக்கியில் மாட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டு போவாள். கீழே இருபது பேர் நடந்துகொண்டிருப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு சிந்தியதில்லை. அந்தக் கண்ணால்தான் டாரிலின் கொட்டகைக்கும் பேர் வந்தது.

டாரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. ஒன்பது வருஷமாக அவனும் மெரினும் அங்கேதான், கம்ப்யூட்டர் விளையாட்டின் படத்தைத் திரையில் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதித்து, எந்தக் கார்டு விளையாட லாயக்கு என்று அதே பவுலிங் கிளப்பின் இணையப் பக்கத்தில் எழுதி வந்தார்கள். போர்ட் அகஸ்டாவிலிருந்து போர்ட் லிங்கன் வரை கம்ப்யூட்டரில் விளையாடுகிற அத்தனை பேரும் 'கொட்டகை என்ன சொல்லுது' என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் கார்டு மாட்டுவார்கள். காரணம் அவர்கள் வைத்திருந்த முறை. மெரின் வெளியே எலுமிச்சை மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருப்பாள். உள்ளே டாரில் ஒரு கார்டை மாட்டுவான், அதன் பேரைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைப்பான். அவள் வந்து, காட்டுப் பாதையில் மழையில் கார் ஓட்டுகிற ஒரு விளையாட்டை மூன்று சுற்று ஆடுவாள். திரும்ப வெளியே போவாள். அவன் அடுத்த கார்டை மாட்டுவான். எது நன்றாக ஓடியது என்று அவள் கண்ணை மட்டும் நம்பிச் சொல்ல வேண்டும். நொடிக்கு எத்தனை படம் விழுகிறது என்கிற கணக்கை மறுநாள் அவன் தனியாக எடுப்பான். கண்ணும் கணக்கும் ஒத்துப் போனால்தான் எழுதுவார்கள். முடிவு எழுதுகிற வரைக்கும் அவள் பெட்டிப் பக்கம் எட்டியும் பார்க்கக் கூடாது. அந்த விதியைப் போட்டதே அவள்தான்.

ஒன்பது வருஷத்தில் கண்ணும் கணக்கும் ஒரு தடவைகூட முரண்படவில்லை. போன மார்ச் மாதம்தான் முதல் தடவை.

அன்றைக்கு ஃபால்கன், ஓர்க்கா என்று இரண்டு கார்டுகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம். ஊரே அந்த முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மெரின் ஆடிப் பார்த்துவிட்டு, முதலாவதுதான் நல்லது, இரண்டாவது வளைவுகளில் கொஞ்சம் தயங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலில் மாட்டியது ஃபால்கன். மறுநாள் டாரில் போன் செய்தான். கணக்கு வேறு மாதிரி வருகிறது, ஓர்க்காதான் நன்றாக முந்துகிறது, அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை ஆடிப் பாரேன் என்றான். குரலில் அவ்வளவு கரிசனம்.

அடுத்த சனிக்கிழமை ஆடினாள். இந்த முறை இரண்டாவதுதான் நல்லது, முதலாவது படு மோசம், திக்கித் திக்கி ஓடுகிறது என்று அடித்துச் சொன்னாள். டாரில் இரண்டு வாரத்துச் சீட்டுகளையும் பிரித்து மேஜையில் வைத்தான். இரண்டு தடவையும் முதலாவது ஃபால்கன், இரண்டாவது ஓர்க்கா. போன வாரம் எதை நல்லது என்றாளோ அதையே இந்த வாரம் படு மோசம் என்றிருக்கிறாள்.

அவள் அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாரில் அவள் தோளில் கை வைத்தான்.

"மெரின், கோவிச்சுக்காத. ஒரு நல்ல கண் டாக்டரப் பாத்துடு. உங்கம்மாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது."

அவள் அம்மாவுக்கு ஐம்பத்தோராவது வயதில் கண் போயிற்று. சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வருகிற நோய். அந்த அம்மாவை ஆபரேஷனுக்கு அடிலெய்டு வரைக்கும் காரில் கூட்டிக்கொண்டு போய் வந்தவனே இந்த டாரில்தான். மெரினுக்கு இப்போது நாற்பத்தெட்டு. எங்கே தொட்டால் அவளுக்கு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அந்த வாரம் கொட்டகையின் இணையப் பக்கத்தில் ஓர்க்காதான் உசத்தி என்று வந்தது. திங்கட்கிழமை மெரின் மேற்பார்வையாளரிடம் போய், கண்ணில் சந்தேகம் இருக்கிறது, என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுங்கள் என்று தானாகவே சொன்னாள். யாரும் கேட்கவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை. கீழே நடக்கிற இருபது பேரை நினைத்து இறங்கினாள். ஸ்டோரில் போட்டார்கள். கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை.

டாக்டரிடம் உடனே போனாளா என்றால் இல்லை. போனால் அவர் ஆமாம் என்று சொல்லிவிடுவாரே என்கிற பயம். ஆறு வாரம் போகவில்லை. அந்த ஆறு வாரமும் வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகினாள், அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து படுக்கை வரைக்கும். ஒருநாள் அப்படி நடக்கும்போது டாரில் வந்துவிட்டான். அவள் வழியில் கிடந்த நாற்காலியை ஓசைப்படாமல் எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றான். கண்ணைத் திறந்தபோது அதைக் கண்டு அன்றைக்கு அவள் அழுதாள், இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று.

ஏழாவது வாரம் பஸ் ஏறி அடிலெய்டு போனாள். டாக்டர் கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டிப் பொத்தானை அழுத்தச் சொல்லி, ஒன்றரை மணி நேரம் பார்த்தார். அம்மாவின் நோய் துளிக்கூட இல்லை என்றார். தன்னுடைய சொந்தக் கண்ணைவிட அவள் கண் நன்றாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஊர் வந்து இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பேக்கரியில் சூடாக, இறைச்சி வைத்துச் சுட்ட மீட் பை இரண்டு வாங்கிக்கொண்டு நேராக டாரில் கொட்டகைக்குப் போனாள். இந்தச் சந்தோஷத்தை முதலில் அவனிடம்தான் சொல்ல வேண்டும் என்று. அவன் இல்லை. கொட்டகைக்குப் பூட்டு எப்போதும் கிடையாது. வருகிற வரைக்கும் ஒரு சுற்று ஆடலாம் என்று உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. வயர் கழன்றிருக்கும் என்று மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். முடிவு எழுதித்தான் ஏழு வாரம் ஆயிற்றே, இனிப் பெட்டியைப் பார்த்தால் என்ன?

பெட்டியின் முதுகில் இரண்டு ஓட்டைகள் திறந்து கிடந்தன.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கார்டு மாட்ட மேலே ஒரு ஸ்லாட், கீழே ஒரு ஸ்லாட் இருக்கும். மேல் ஸ்லாட்தான் வேகம். கீழே இருப்பது குறுகலான பாதை, நல்ல கார்டையும் அதில் மாட்டினால் மூச்சு முட்டும். அதிலும் ஃபால்கனுக்குச் சொந்த மெமரி கம்மி, அதற்கு அகலமான பாதை இருந்தே ஆக வேண்டும். கொட்டகையில் ஒன்பது வருஷமாக மேல் ஸ்லாட் மட்டும்தான். கீழ் ஸ்லாட்டுக்கு நேராக முதுகில் இருந்த இரும்புத் தகடுகளை யாரும் கழற்றியதே இல்லை, வையாலாவின் செம்மண் தூசி அவற்றில் அப்பிப் போயிருந்தது. இப்போது அந்த இரண்டு தகடுகளும் இல்லை. அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. விளங்கியும் நம்பவில்லை, அதுதான் பாவம். அவனுக்காகத் தனக்குள்ளேயே ஏதேதோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

அலமாரியில் இருந்த ஃபால்கனை எடுத்துக் கீழ் ஸ்லாட்டில் மாட்டி ஆடினாள். திக்கித் திக்கி ஓடியது, அந்த இரண்டாவது சனிக்கிழமை ஓடிய அதே ஓட்டம். கழற்றி மேலே மாட்டினாள். எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஒரே கார்டு. முதல் வாரம் அவன் அதை மேலே மாட்டியிருக்கிறான், இரண்டாவது வாரம் கீழே. இரண்டு வாரமும் அவள் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லியிருக்கிறாள்.

டாரில் உள்ளே வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஃபால்கன். தூசி தட்டுவதற்காகத் தகட்டைக் கழற்றினேன் என்று ஆரம்பித்தான். அவள் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

பிறகு எல்லாம் வந்தது. ஓர்க்காவை இறக்குமதி செய்கிற அடிலெய்டுக்காரர்கள் அவனைச் சோதனைப் பிரிவுக்கு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதையும் மாற்றி எழுது என்று அவர்கள் வாயைத் திறக்கவே இல்லையாம். அவனேதான், ஓர்க்காவைத் தோற்கடித்துவிட்டு அந்த வாசலில் எப்படிப் போய் நிற்பது என்று பயந்திருக்கிறான். தகர ஆலையில் ஆளைக் குறைத்தபோது அவன் வேலை போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதைத்தான் நியாயம் என்கிறார்கள் அந்த நாலு பேர்.

"ஆனா நான் பொய்க் கணக்கு எழுதல, மெரின். அந்த எண்ணெல்லாம் கீழ் ஸ்லாட்ல நெசமா வந்த எண்ணுதான்."

"எண்ண விடுடா. என் கண்ணு?"

"டாக்டர்ட்ட போவ, ஒண்ணுமில்லன்னு சொல்லுவாரு, ஒரு வாரத்துல முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

"நான் போகலியே. ஆறு வாரம் போகல. கிரேன விட்டு எறங்கினேன், பாத்த. வீட்டுக்குள்ள கண்ண மூடிட்டு நடந்தேன், அதையும் பாத்த. நாற்காலிய நகத்தி வச்சியேடா."

அவளைச் சமாதானப்படுத்துகிறானாம், அவன் சொன்னான்: "நீ ரெண்டு நாளும் சரியாத்தான் சொன்ன. இப்படி ஒரு கண்ண நான் பாத்ததே இல்ல."

அந்தப் புகழ்ச்சிக்கு அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மெரின் கத்தவில்லை. கார்டை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று சாயந்தரமே கிளப்பின் இணையப் பக்கத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள்: எந்த வாரம் எந்த ஸ்லாட், உண்மையில் எந்தக் கார்டு நல்லது என்று. அவனைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. நானாக இருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். அடிலெய்டுக்காரர்கள் அதைப் படித்துவிட்டு அவனை வேலைக்கு எடுக்கவில்லை. கொட்டகை அத்தோடு மூடியது.

ஆலையில் டாக்டர் கடிதத்தைப் பார்த்தார்கள், அவர்கள் பங்குக்கு ஒரு பரிசோதனை வைத்தார்கள், ஜூன் மாதம் அவளைக் கிரேனில் ஏற்றினார்கள். கீழே நிற்கிறவர்கள் கை தட்டினார்களாம். அன்றைக்குக் கீழே ரேடியோவோடு நின்றவன் ஃபெர்கஸ், பன்னிரண்டு வருஷமாக அவள் கிரேனுக்குக் கீழே வேலை பார்க்கிறவன். அவன்தான் எனக்குச் சொன்னான்.

தொட்டியைத் தூக்கினாளாம். கொக்கி நூல் பிடித்த மாதிரி நேராக நின்றதாம். கிரேன் நகரவில்லை. என்ன ஆயிற்று என்று இவன் மேலே பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். ரேடியோவில் மெல்ல அவள் குரல் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் யாரிடமும் கேட்காத கேள்வி.

"ஃபெர்கஸ், கொக்கி ஆடுதா?"

"ஆடல, மெரின். நேராத்தான் இருக்கு."

"நேராத்தான் தெரியுது எனக்கும்," என்றாளாம். "நீ இன்னொரு தடவ பாத்துச் சொல்லேன்."