பத்து பாட்டிலும் விழுந்தது

மின்கம்பத்தில் கட்டியிருந்த பேனரின் கயிற்றை அய்யனார் கரும்பு வெட்டும் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பெண்டாட்டியைக் கூடத்தில் கிடத்திவிட்டு, அவளுடைய கண்ணீர் அஞ்சலி பேனரையே அறுக்கிற மனுஷனை மணலூர்பேட்டைப் பக்கம் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“டேய், இன்னாடா பண்ற? புத்தி கித்தி பெரண்டுபோச்சா?” அண்ணன் சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

இரண்டாவது கயிறும் அறுந்தது. பேனர் சரிந்து புழுதியில் மல்லாந்தது. அதில் விஜயலட்சுமி அரக்கு நிறப் பட்டுப்புடவையில் இருந்தாள். வலது கையை முன்னால் வீசித் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். அந்தக் கையில் ஒரு காமாட்சி விளக்கு எரிந்தது. சாமிக்கு விளக்கு ஏற்றுகிறவளாகத் தெரியவில்லை. விளக்கை யார் தலையிலோ போடப் போகிறவளாகத் தெரிந்தாள்.

இந்தப் பக்கத்து பிளக்ஸ் கடைகளில் இது ஒரு வழக்கம். செத்தவர் எந்தக் கோலத்தில் படம் எடுத்திருந்தாலும் பேனரில் ஏறும்போது பெண்ணென்றால் பட்டுப்புடவை, ஆணென்றால் கோட்டு சூட்டு. ஆயுசு முழுக்கச் சட்டையே போடாமல் மாடு மேய்த்தவர்கூட டை கட்டிக்கொண்டு முச்சந்தியில் நிற்பார். அப்படிப்பட்ட பேனர்களைப் பார்த்து அய்யனாரும் விஜயலட்சுமியும் வண்டியை நிறுத்திச் சிரித்திருக்கிறார்கள்.

“அவ கையில இருந்தது வெளக்கு இல்லண்ணா.”

“தெரியும்டா. நாந்தான் மாத்தச் சொன்னேன். நைட்டியோட, கையில அந்தக் கருமத்தையும் புடிச்சிக்கினு நின்னா ஊரு இன்னா பேசும்?”

கருமம் என்று அவர் சொன்னது வெள்ளை நிறத்தில், சோப்பு டப்பா நீளத்தில் இருக்கும் ஒரு ரிமோட்டை. டிவிக்கு முன்னால் நின்று அதைக் கையில் பிடித்து வீசினால் டிவிக்குள்ளே பந்து உருண்டு போய் எதிரே நிற்கும் பத்து பாட்டில்களை அடிக்கும். நேற்று சாயங்காலம் அதை வீசிவிட்டுத்தான் விஜயலட்சுமி விழுந்தாள். ஆனால் போனில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தகவல் சொன்ன சடையன், “வெளக்கு ஏத்திக்கினு இருந்தா, அப்பிடியே சாஞ்சிட்டா” என்று சொன்னார். பக்கத்தில் நின்ற அய்யனார் அதைக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை. நிலம் பிரித்தபோதும் பேசவில்லை, கிணறு பிரித்தபோதும் பேசவில்லை. இரவெல்லாம் வந்தவர்கள் ஒவ்வொருவரும் ‘புண்ணியவதி, விளக்கு ஏத்தும்போது போய்ட்டா’ என்று சொல்லி அழ அழ, பொய் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது அது பத்தடி அகலத்தில் வண்ணத்தில் வந்து தொங்கியதும் அவருக்கு ஆறவில்லை.

பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மொபெட்டை உதைத்தார்.

“பொணத்த வூட்ல போட்டுட்டு எங்கடா போற? நாலு மணிக்கு எடுக்கணும்டா!”

“வந்துடறேன்.”

இரண்டு பக்கமும் கரும்பு ஆள் உயரத்துக்கு நின்ற ரோட்டில் மொபெட் முக்கிக்கொண்டு போனது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். கோபம்தான் வந்தது. ஏழு வருஷம் கழித்துக் கிணற்றுக்குச் சண்டை போடலாம், நிலத்துக்குக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் நாலு மணிக்குள் திருத்தவில்லை என்றால் அவள் செத்த விதமே மாறிவிடும்.

கல்யாணமான புதுசில் களமருதூரில் மாமனார் வீட்டுக்கு மறுவீடு போனபோது அவளைப் பற்றி அவருக்கு முதலில் தெரியவந்தது அவள் சமையல் இல்லை, குறி. அவள் தம்பியிடம் கேசட் போட்டு ஆடும் டிவி கேம் இருந்தது. ஆரஞ்சு நிறத் துப்பாக்கி ஒன்றை டிவிக்கு நேரே நீட்டிச் சுட்டால் வாத்து விழும். மாப்பிள்ளை பத்துக்கு இரண்டு சுட்டார். புதுப்பெண் பத்துக்குப் பத்து சுட்டுவிட்டுக் குழாயை ஊதினாள். அந்தத் துப்பாக்கி அண்டா குண்டாவோடு சீர்வரிசையில் கூடவே வந்தது. ஆட்டம் நின்றுபோனால் கேசட்டைப் பிடுங்கி வாயால் ஊதி மறுபடி சொருகுவாள். வீட்டுக்குத் தட்டை டிவி வந்தபோது துப்பாக்கி அதில் வேலை செய்யவில்லை. பழைய குண்டு டிவியில்தான் அது பிடிக்குமாம். அதற்காகவே அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த குண்டு டிவியை நெல் மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் காப்பாற்றினாள். அதுவும் புகைந்து போனதற்கு அப்புறம் எந்தப் புது ஆட்டத்தைக் காட்டினாலும், “அது மாதிரி வருமா?” என்பாள்.

போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை செத்துவிட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் மடியில் சிந்திவிட்டு, யாரும் பார்க்காதபோது அதை முந்தானையால் மூடுவாள். கையை அசைக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். சுவரைத் தடவு, பந்தை அமுக்கு என்றார்கள். இரண்டே நாளில் விட்டுவிட்டாள். ஒசூரில் வேலை பார்க்கும் மகள் தமிழ்மொழி, யாரோ ஆடிப் பழசாக்கிய, ரிமோட்டை வீசி ஆடும் அந்த கேம் பெட்டியை வாங்கி வந்தாள்.

“துப்பாக்கின்னா ஒரு கனம் இருக்கணும். இது இன்னாடி, காத்துல கைய வீசறது?” என்று குழறிக் குழறித் திட்டினாள் விஜயலட்சுமி. ஆனால் விடவில்லை. விரல் பிடிக்காததால் அய்யனார்தான் ரிமோட்டை அவள் மணிக்கட்டில் கயிறு சுற்றிக் கட்டிவிட்டார். முதல் மாசம் பந்து ஓரத்துக் கால்வாயில்தான் விழுந்தது. எதிராட்டம் ஆட ஆள் வேண்டுமே என்று அவரும் நின்றார், தோற்றார், தினமும் தோற்றார். ஐந்தாவது மாசம் அவள் தன் கையாலேயே கரண்டி பிடித்துக் குழம்பு தாளித்தாள். புருஷனும் பெண்டாட்டியும் டிவி முன்னால் கூத்து கட்டுகிறார்கள் என்று அண்ணன் வீட்டில் பேசிக்கொண்டார்கள். கட்டினால் என்ன?

பிளக்ஸ் கடை மணிமொழி அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். “அண்ணா! சாவு வூட்ட வுட்டுட்டு நீங்க ஏன் வந்தீங்க? போன் பண்ணியிருக்கலாமே.”

“போன்ல சொன்னா எங்கண்ணன் பேச்சுதான் எடுபடும். என் பொண்ணு அனுப்பிச்ச படம் இருக்குதாம்மா? நீ மாத்தாதது.”

அவள் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தாள். பச்சைப் பூப்போட்ட நைட்டி, மேலே துண்டு, அவிழ்ந்த கொண்டை, தூக்கிய கையில் வெள்ளை ரிமோட். முன்னொரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது, பத்து பாட்டிலும் விழுந்த நொடியில் தமிழ்மொழி எடுத்தது. பக்கவாதம் வந்ததற்கு அப்புறம் அவள் வாய் கோணாமல் சிரித்த படம் இது ஒன்றுதான்.

“இதையே போடு. ஒண்ணுத்தையும் தொடாத. கீழ எழுதியிருக்கிற பாரு, தீபம் ஏத்தும்போதுன்னு, அதையும் எடுத்துடு.”

“அதுக்குப் பதிலா இன்னாண்ணா போடறது?”

“வெளையாடிக்கினு இருக்கும்போது போனா. அத எழுத்துல எப்பிடி எழுதுவியோ அப்பிடி எழுது.”

மணிமொழி தட்டச்சு செய்துவிட்டுத் திரையையே பார்த்தாள். “இப்பிடி யாரும் போட்டதில்லண்ணா.”

“இவள மாதிரி யாரும் போனதும் இல்லம்மா. அடி.”

மை முழுசாகக் காய்வதற்குள் வாங்கிக்கொண்டு திரும்பினார். மூன்றரை ஆகியிருந்தது. தெருவில் ஏணி கேட்டார், ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் சடையன் முகத்தைப் பார்த்தார்கள். சரி என்று ஒரு முனையைத் தாமே மின்கம்பத்தில் கட்டத் தொடங்கினார். மறுமுனை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

கூடத்திலிருந்து தமிழ்மொழி எழுந்து வந்தாள். “ஆத்தா தலமாட்ட வுட்டு எந்திரிக்காதடி” என்று பெண்கள் கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் வந்து, பேனரின் மறுமுனையைப் பிடித்து எதிர்ச்சாரிப் பூவரச மரத்தில் கட்டினாள். அப்பனுக்கும் மகளுக்கும் கை எட்டிய உயரம்தான். தெருவுக்குக் குறுக்கே, மார்பு மட்டத்துக்குத் தொங்கியது பேனர்.

சடையன் அதை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தார். பிறகு பந்தலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். “எல்லார் முன்னாடியும் கேக்கறேன். சொல்லுடா. அந்தப் பொட்டிதான அவள கொன்னுச்சு? வாதக்காரிய கைய வீசு, கைய வீசுன்னு வீச வச்சி நீதான அனுப்பிச்ச?”

அந்தக் கேள்வி நேற்று சாயங்காலத்திலிருந்து அய்யனாரின் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ராத்திரி முழுக்க அது அவரைத் தின்றது. அதை அண்ணன் வாயிலிருந்து கேட்டதும் ஏனோ பயம் விட்டுப்போனது.

“மறுபடி வரும்னு டாக்டரு முன்னமே சொன்னாருண்ணா. தூங்கினாலும் வரும், தின்னாலும் வரும்னாரு. அதுக்கோசரம் அவள கட்டில்ல போட்டு வச்சிருக்கணுமா?” அவர் குரல் உயர்ந்தது. அவருக்கே புதுசாக இருந்தது அந்தக் குரல். “வெளக்கு ஏத்தல. கேட்டுக்குங்க எல்லாரும். எங்கூட பந்து வுட்டுக்கினு இருந்தா. பத்தும் வுழுந்துச்சி. திரும்பி என்னப் பாத்து, ‘உங்க மொறை, வாங்க’ன்னா. அப்பிடியே உக்காந்தா. அவ்ளோதான். கெலிச்சிட்டுத்தான் போனா. இத மறைச்சி வச்சி யாருக்கு இன்னா மானம் வரப்போவுது?”

தமிழ்மொழி மரத்தில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆத்தாவின் அந்தக் கடைசிப் பேச்சு அவளுக்கும் இப்போதுதான் தெரியும்.

“நேரமாவுது” என்றார் மேளக்காரர்களில் மூத்தவர். மேளம் மறுபடி எழுந்தது.

நாலு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளிச் சட்டி அய்யனாரின் கையில் இருந்தது. சடையன் பொரிப் பையோடு எல்லோருக்கும் முன்னால், பொரியை வாரி இறைத்தபடி நடந்தார். பத்தடி போவதற்குள் ஊர்வலம் நின்றது. எதிரே பேனர். தூக்கினவர்கள் முழங்காலை மடக்கிப் பார்த்தார்கள். பாடைக்கு மேல் பூவளைவு கட்டியிருந்தது, அது இடிக்கும். சுற்றிப் போக வழியில்லை. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் வேலி.

“அறுத்துடலாமா, பெரியவரே?” என்று யாரோ கேட்டார்கள்.

சடையன் தம்பியைப் பார்த்தார். அய்யனார் கண்ணை எடுக்கவில்லை. சட்டியிலிருந்து புகை எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

சடையன் பொரிப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் பேனரின் அடி ஓரத்தைப் பிடித்து, தலைக்கு மேலே உயர்த்தினார்.

அய்யனார் சட்டியோடு, குனியாமல் நடந்து கடந்தார். அவருக்குப் பின்னால், நாலு பேர் தோளில், விஜயலட்சுமி வந்தாள்.