தாணுலிங்கத்தின் கைராசி

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அழகியநம்பி குனிந்து, தாணுலிங்கத்தின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. "கூடப்பிறந்தவன் மாதிரில்லா இருந்தாரு" என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

மகள் ஆதிராவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. மனுஷன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருமானவரி ரிட்டர்ன் போட இன்றுதான் கடைசித் தேதி.

சாலைக் கடைத்தெருவில் தாணுலிங்கத்தின் கைராசி பிரசித்தம். அவர் விரல் பட்ட ரிட்டர்னுக்கு ரீஃபண்ட் ஓடிவந்துவிடும் என்று கடைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். கணக்கைப் பார்ப்பது, தப்பைத் திருத்துவது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் ஆதிராதான். கடைசிப் பொத்தானை மட்டும் அப்பா, பஞ்சாங்கம் பார்த்து, கிழக்கு நோக்கி உட்கார்ந்து அமுக்குவார். நோகாமல் நுங்கு தின்கிற வேலை.

"உங்களுக்கே இதுல நம்பிக்கை உண்டாப்பா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"கடைக்காரனுக்கு உண்டு. பின்ன எனக்கு எதுக்கு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு ஆடிட்டர்களைத் தேடிப் போய்விட்டார்கள். உன் கையால் போடு என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அது அவளுக்கு நன்றாகவே வலித்தது. பாத்திரக்கடை அழகியநம்பி மட்டும், அண்ணாச்சி எழுந்து வரட்டும் என்று காத்திருந்தார். அவரும் போய்விட்டால் ஆதிராவுக்குத் தொழில் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

"சித்தப்பா, கொஞ்சம் உள்ள வாங்க" என்று பின்னறைக்குக் கூப்பிட்டாள். லேப்டாப்பைத் திறந்தாள். "எல்லாம் ரெடியாக்கும். ஒரு கிளிக்தான் பாக்கி. நான் போடட்டுமா?"

நம்பி மென்று விழுங்கினார். "போடலாம் மக்களே. ஆனா இப்ப தீட்டுக்கை இல்லியா?" குரல் இன்னும் இறங்கியது. "தப்பா நினைக்காத, கேட்டியா. அந்த மவுசை அண்ணாச்சி கையில ஒருவாட்டி வச்சு எடுத்தா..."

ஆதிராவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. வைத்துத்தான் பார்த்தால் என்ன என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது.

"அந்தக் கைக்கு இனி ஒரு ஜோலியும் இல்ல நம்பி." வாசலில் அம்மா பொன்னம்மை நின்றிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "ஆயுசு பூரா அமுக்கியாச்சு. இனி அவ கை இருக்கு."

"இல்ல மயினி, தீட்டு..."

"தீட்டு எங்களுக்கு. இன்கம்டாக்ஸ்காரனுக்கு என்ன தீட்டு?"

நம்பி தன் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆதிரா அமுக்கினாள். சரிபார்க்கும் ஓடிபி, ஆதாரில் பதிந்திருந்த அவருடைய சொந்த நம்பருக்கு வந்தது. அதை மந்திரம் போல ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். திரையை அவர் பார்க்கவே இல்லை. வெளியே சங்கு ஊதினார்கள்.

ஆதிராவின் அண்ணன் ஹரிகுமார் கொள்ளிச்சட்டி எடுக்க, ஆண்கள் தைக்காட்டுச் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஆதிரா குளித்துவிட்டு வந்தபோது பின்னறையில் அப்பாவின் போன் சிணுங்கியது. வரித்துறைச் செய்திகள் வர, கடைக்காரர்கள் எல்லோருடைய கணக்குக்கும் அப்பாவின் நம்பர்தான் கொடுத்திருந்தது. அழகியநம்பியின் ரிட்டர்ன் பரிசீலனை முடிந்தது, ரீஃபண்ட் உண்டு, வங்கிக் கணக்குக்கு அனுப்பப்படும் என்று செய்தி வந்திருந்தது.

அவள் மறுபடியும் வாசித்தாள். இன்று போட்டது இன்றைக்கே முடிந்திருந்தது! அப்பா அமுக்கியதற்கெல்லாம் வாரக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். பெங்களூரில் வரித்துறையின் ஏதோ கம்ப்யூட்டர் தன் பாட்டுக்குச் செய்கிற வேலை இது, கையும் இல்லை ராசியும் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. இதைச் சொன்னால் அப்பாவின் முகம் எப்படிப் போகும்? பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது. போனை நீட்டிக்கொண்டு கூடம் வரைக்கும் நடந்தும்விட்டாள்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில், கழுவிவிட்ட தரை காயாமல் கிடந்தது.

வந்தவர்களுக்குப் பால் சேர்க்காத கட்டங்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்பி தலை துவட்டாமல் ஈர வேட்டியோடு வந்து படியில் உட்கார்ந்தார். ஆதிரா டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு அதையே பார்த்தார்.

"உன்னைக் குறை சொல்லல மோளே. அண்ணாச்சி கையாயிருந்தா சட்டுனு வந்திரும். இனி தீபாவளி ஆகும், அல்லே?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக் காலைக்குள் சாலைக் கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும். போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள். ஆதிரா கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"ஆகும் சித்தப்பா" என்றாள். "அப்பா கை மாதிரி வருமா?"

நம்பி அப்போதுதான் அழுதார். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாத்திரத்தை எடுத்து அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள்.